ஆட்சேர்ப்புக்கான இணையத் தேடல்

ஆட்சேர்ப்புக்கான இணையத் தேடல் என்பது, ஒரு பணிக்குப் பொருத்தமானவர்கள் விண்ணப்பிக்கும் வரை காத்திராமல், தேடுபொறிகள், தன்விவரத் தரவுத்தளங்கள், தொழில்சார் சமூக வலைத்தளங்கள், நிரல் களஞ்சியங்கள் ஆகியவற்றில் நிறுவனங்களோ அவற்றின் முகவர்களோ தாமே அவர்களைத் தேடிக் கண்டறியும் முறைகளின் தொகுப்பு ஆகும். ஆட்சேர்ப்புத் துறையில் இது சோர்சிங் என்றும், இதனைச் செய்பவர் சோர்சர் என்றும் அழைக்கப்படுகின்றனர். விண்ணப்பங்களை வடிகட்டுவதும் நேர்காணல் நடத்துவதும் இதற்கு அடுத்த கட்டங்கள் ஆகும்.

இங்கு தேடப்படுவது மனிதர் எனினும் கணினி ஒப்பிடுவது சொற்களையே. தேடுபவர் உள்ளிடும் சொல்லும், தேடப்படுபவர் தமது தன்விவரத்தில் எழுதிய சொல்லும் பொருந்தாவிடின், தகுதி எவ்வளவு இருந்தாலும் அவர் முடிவுப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. இத்துறையின் நுட்பங்களுள் பெரும்பாலானவை இந்த இடைவெளியைக் குறைப்பதற்காக எழுந்தவை எனலாம்.

(இக்கட்டுரையில் உள்ள தேடல் கட்டளைகள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. பயன்படுத்தும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் உள்ளிட வேண்டும்.)

வரலாறு

இணையத்துக்கு முன்னர் இந்தியாவில் வேலை தேடுவோரும் வேலை தருவோரும் சந்தித்த இடங்கள் இரண்டு. ஒன்று அரசின் வேலைவாய்ப்பு அலுவலகம். அரசு நிறுவனங்களும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட தனியார் நிறுவனங்களும் தமது காலியிடங்களை அங்கு அறிவிக்க வேண்டும் என 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டாயமாக்கியது. மற்றொன்று செய்தித்தாள் விளம்பரம். இரண்டிலும் ஆளைத் தேடிச் செல்லும் வழி குறைவு; வருபவர்களில் இருந்து தெரிவு செய்வதே வழக்கம்.

இணையத்தில் முதலில் யூஸ்நெட் செய்திக் குழுக்களில் வேலை அறிவிப்புகளும் தன்விவரங்களும் இடப்பட்டன. 1994இல் அமெரிக்காவில் ஜெஃப் டெய்லர் தொடங்கிய மான்ஸ்டர் போர்டு, தொடக்ககால வேலைவாய்ப்புத் தளங்களுள் முக்கியமானது. இந்தியாவில் 1997இல் சஞ்சீவ் பிக்சந்தானி நௌக்ரி தளத்தைத் தொடங்கினார். இத்தளங்கள் விளம்பரப் பலகைகளாகத் தொடங்கினாலும், நாளடைவில் அவற்றில் சேர்ந்த தன்விவரங்களின் தொகுப்பே பெரும் மதிப்புடையதாயிற்று. கட்டணம் செலுத்தும் நிறுவனங்களுக்கு அத்தொகுப்பைத் தேடும் உரிமை விற்கப்பட்டது. 2003 மே மாதம் பயனர்களுக்குத் திறக்கப்பட்ட லிங்க்டுஇன், வேலை தேடாதவர்களும் தமது பணி வரலாற்றைத் தாமே எழுதி வைக்கும் இடமாக அமைந்தது. இதனை 2016இல் மைக்ரோசாப்ட் வாங்கியது.

தேடலின் தருக்கம் இவற்றுக்கெல்லாம் மூத்தது. ஜார்ஜ் பூல் 1847இலும் 1854இலும் வெளியிட்ட நூல்களில் தருக்கத்தை இயற்கணிதமாக எழுதிக் காட்டினார். 1960களிலும் 1970களிலும் உருவான டயலாக் போன்ற கணினித் தகவல் சேவைகளில் நூலகர்களே இத்தருக்கத்தைத் தேடலுக்குப் பயன்படுத்தி வந்தனர். ஆட்சேர்ப்பாளர்கள் இன்று பூலியன் சரம் என்று அழைப்பது, அன்றைய நூலகர்கள் எழுதிய வினவலின் வழித்தோன்றலே.

அடிப்படைக் கட்டளைகள்

பூலியன் தேடலில் மூன்று செயலிகள் உள்ளன. அண்ட் என்பது இரு சொற்களும் உள்ள ஆவணங்களையும், ஆர் என்பது இரண்டில் ஒன்றாவது உள்ள ஆவணங்களையும், நாட் என்பது குறிப்பிட்ட சொல் இல்லாத ஆவணங்களையும் தரும். அண்ட் சேர்க்கச் சேர்க்க முடிவுகள் குறையும்; ஆர் சேர்க்கச் சேர்க்கக் கூடும். மேற்கோள் குறிகளுக்குள் இடப்படும் சொற்றொடர் அதே வரிசையில் தேடப்படும். எடுத்துக்காட்டாக, சென்னையில் ஜாவா தெரிந்த ஒருவரைத் தேட,

ஜாவா அண்ட் (ஸ்பிரிங் ஆர் ஹைபர்நேட்) அண்ட் (சென்னை ஆர் மெட்ராஸ்) நாட் ரெக்ரூட்டர்

என்று எழுதலாம். கடைசிச் சொல், ஜாவா பணியிடங்களுக்கு ஆள் தேடும் மற்ற ஆட்சேர்ப்பாளர்களை நீக்குவதற்காகச் சேர்க்கப்படுவது.

செயலிகளின் முன்னுரிமை எல்லாத் தளங்களிலும் ஒன்றாக இல்லை என்பது பலரும் கவனிக்கத் தவறும் செய்தி. வழக்கமான பூலியன் மரபிலும் லிங்க்டுஇன் தளத்திலும் அண்ட், ஆர் செயலிக்கு முந்தியது. கூகுளிலோ இரு சொற்களுக்கு இடையிலான ஆர், இடைவெளியால் குறிக்கப்படும் அண்ட் செயலியை விட இறுக்கமாகப் பிணைகின்றது. ஆகவே அடைப்புக்குறி இன்றி 'ஜாவா அண்ட் பைத்தான் ஆர் ரூபி' என்ற பொருளில் எழுதப்படும் வினவல், ஓரிடத்தில் 'ஜாவாவும் பைத்தானும் தெரிந்தவர், அல்லது ரூபி தெரிந்தவர்' எனவும், இன்னோரிடத்தில் 'ஜாவா தெரிந்தவர், கூடவே பைத்தானோ ரூபியோ தெரிந்தவர்' எனவும் பொருள்படும். ஒரு தளத்தில் நன்கு இயங்கிய சரத்தை இன்னொரு தளத்தில் அப்படியே ஒட்டுவது இதனால் தவறான முடிவுகளைத் தரலாம்.

கட்டளைகள் நிலையானவையும் அல்ல. ஒரு சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதைக் குறித்த கூட்டல் குறியைக் கூகுள் 2011இல் கைவிட்டது. ஒத்த சொற்களைத் தேடப் பயன்பட்ட அலைக்குறி 2013இலும், பக்கங்களின் பழைய படியைக் காட்டிய கேஷ் கட்டளை 2024இலும் நீங்கின. பழைய பயிற்சிக் கையேடுகள் இவற்றை இன்றும் சொல்லித் தருகின்றன. நீக்கப்பட்ட கட்டளையை உள்ளிட்டாலும் தேடுபொறி பிழை என்று சொல்வதில்லை. ஏதோ முடிவுகளைத் தந்துவிடுகின்றது.

துல்லியமும் மீட்பும்

ஒரு தேடல் எவ்வளவு நன்று என்பதை அளக்கத் தகவல் மீட்பியலில் இரு அளவைகள் உள்ளன. வந்த முடிவுகளில் எத்தனை பங்கு பொருத்தமானவை என்பது துல்லியம். இருக்கும் பொருத்தமானவற்றில் எத்தனை பங்கு வந்தன என்பது மீட்பு. இவ்வளவைகள் 1950களிலும் 1960களிலும் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு வானூர்திக் கல்லூரியில் நூலகர் சிரில் கிளவர்டன் நடத்திய சோதனைகளால் பரவலாக அறியப்பட்டன.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: ஒரு தரவுத்தளத்தில் குறிப்பிட்ட பணிக்கு உண்மையில் பொருத்தமானவர்கள் 100 பேர் உள்ளனர் என்று கொள்வோம். ஒரு தேடல் 40 பேரைத் தருகின்றது. அவர்களுள் 30 பேர் பொருத்தமானவர்கள். துல்லியம் 75 விழுக்காடு. மீட்போ 30 விழுக்காடு மட்டுமே. பொருந்தாத 10 பேரையும் தேடுபவர் பார்க்கின்றார். அவர்களால் எரிச்சல் அடைந்து தேடலை மேலும் இறுக்குகின்றார். விடுபட்ட 70 பேரை அவர் பார்க்கவே இல்லை. அந்த 70 பேருக்கும் தாம் விடுபட்டது தெரியாது. விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவருக்கு ஒரு மறுமொழியாவது வரலாம். தேடலில் விடுபட்டவருக்கு அதுவும் இல்லை.

இச்சமச்சீரின்மையே ஆட்சேர்ப்புத் தேடலின் முதன்மையான சிக்கல் ஆகும். துல்லியக் குறைவு திரையில் தெரியும் பிழை. மீட்புக் குறைவு தெரியாத பிழை. எனவே பயிற்சி இல்லாத தேடல்கள் காலப்போக்கில் இறுக்கமாகிக்கொண்டே செல்வது இயல்பு. இதில் நாட் செயலி மிகவும் ஆபத்தானது. மேற்கண்ட சரத்தில் உள்ள 'நாட் ரெக்ரூட்டர்', ஆட்சேர்ப்பு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதியதாகத் தன்விவரத்தில் குறிப்பிட்ட பொறியாளரையும் சேர்த்தே நீக்கிவிடும்.

விடுபட்டவர்களைக் காண இரு வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, நிறுவனத்தில் ஏற்கனவே அதே பணியில் திறம்பட இயங்கும் சிலரின் தன்விவரங்களை எடுத்து, எழுதிய சரம் அவர்களைப் பிடிக்கின்றதா என்று பார்ப்பது. இது மென்பொருள் சோதனையை ஒத்தது. விடை தெரிந்த உள்ளீட்டைக் கொடுத்து நிரலைச் சரிபார்ப்பது போன்றது. இரண்டாவது, எதிர்பார்க்கும் சொல்லையே வேண்டுமென்று விலக்கித் தேடுவது. எடுத்துக்காட்டாக '(ஸ்பிரிங் அண்ட் ஹைபர்நேட்) நாட் ஜாவா' என்று தேடினால், ஜாவாவில் வேலை செய்தும் அச்சொல்லை எழுதாதவர்கள் வெளிப்படுவர். ஸ்பிரிங் என்று எழுதினாலே ஜாவா தெரியும் என்பது விளங்கும் என்று அவர்கள் கருதியிருக்கலாம். மனிதருக்கு விளங்கும், சொற்றேடலுக்கு விளங்காது.

சொல் வேறுபாடுகள்

ஒரே பொருளைப் பலர் பலவாறு எழுதுவதால் மீட்பு குறைகின்றது. தேர்ந்த சோர்சர்களின் உழைப்பில் பெரும்பகுதி இவ்வேறுபாடுகளைத் திரட்டி ஆர் செயலியால் இணைப்பதிலேயே செல்கின்றது.

தொழில்நுட்பப் பெயர்கள்

பொதுச் சொற்களையே பெயராகக் கொண்ட நிரல்மொழிகள் தேடலுக்கு இடைஞ்சலானவை. கூகுள் உருவாக்கிய கோ மொழி, தேடலின் பொருட்டே கோலாங் என்றும் எழுதப்படுகின்றது. ஒற்றை எழுத்துப் பெயருடைய சி, ஆர் ஆகியவையும் இத்தகையன. பெரும்பாலான தேடுபொறிகள் நிறுத்தக்குறிகளைப் பொருட்படுத்துவதில்லை என்பதால் புள்ளியில் தொடங்கும் டாட்நெட் போன்ற பெயர்களையும் பலவாறு எழுதித் தேட வேண்டியுள்ளது. குபர்நெட்டிஸ் என்பதன் முதல், கடை எழுத்துகளுக்கு இடையே எட்டு எழுத்துகள் இருப்பதால் அது கே8எஸ் என்று சுருக்கி எழுதப்படுகின்றது. முழுப் பெயரை மட்டும் தேடினால் சுருக்கம் எழுதியவர் கிடைக்கமாட்டார்.

பதவிப் பெயர்கள்

பெரிய இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் தொடக்கநிலை நிரலாளர்களின் பதவி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றது. இன்ஃபோசிஸில் சிஸ்டம்ஸ் எஞ்சினியர் என்றும், டி.சி.எஸ்ஸில் அசிஸ்டென்ட் சிஸ்டம் எஞ்சினியர் என்றும், காக்னிசென்டில் புரோகிராமர் அனலிஸ்ட் என்றும் வழங்குவதுண்டு. செய்யும் வேலை நிரல் எழுதுவதே. சாஃப்ட்வேர் எஞ்சினியர் அல்லது டெவலப்பர் என்ற சொற்களைப் பதவிப் புலத்தில் மட்டும் தேடுபவருக்கு இவர்களில் எவரும் கிடைக்கமாட்டார்கள். வெளிநாட்டு நிறுவனங்களின் ஆட்சேர்ப்பாளர்கள் சிஸ்டம்ஸ் எஞ்சினியர் என்பதைச் சேவைக்கணினிகளைப் பராமரிப்பவர் என்று பொருள்கொள்வதும் நிகழ்கின்றது.

பட்டங்களும் கல்வி நிறுவனங்களும்

தமிழ்நாட்டுப் பட்டதாரிகளைத் தேடுவதில் அடிக்கடி நேரும் பிழை பட்டத்தின் பெயரில் உள்ளது. அண்ணா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல், இயந்திரவியல் போன்ற பிரிவுகளுக்குப் பி.இ. பட்டமும், தகவல் தொழில்நுட்பம், வேதிப் பொறியியல் போன்ற பிரிவுகளுக்குப் பி.டெக். பட்டமும் வழங்கப்படுகின்றன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களிலும், கேரளம், ஆந்திரம் முதலிய மாநிலங்களில் பெரும்பாலும் பி.டெக். பட்டமே வழக்கு. ஆகவே பி.டெக். என்பதை மட்டும் கட்டாயச் சொல்லாக இடும் ஒரு தேடல், அண்ணா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்தவர்களை ஒட்டுமொத்தமாக விட்டுவிடும். தேடுபவருக்கு அப்படி ஒரு நோக்கமே இருந்திராது.

பல்கலைக்கழகப் பெயரும் இவ்வாறே. தமிழ்நாட்டின் பொறியியற் கல்லூரிகள் முன்னர் சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் முதலிய பல்கலைக்கழகங்களுடன் இணைக்கப்பட்டிருந்தன. 2001இல் அவை அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. 2007இல் அப்பல்கலைக்கழகம் பிரிக்கப்பட்டு, 2012இல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. எனவே கோவையில் உள்ள ஒரே இணைப்புக் கல்லூரியில், ஒரே வகுப்பறையில் படித்தவர்களுள், 2000இல் தேறியவர் பாரதியார் பல்கலைக்கழகம் என்றும், 2005இல் தேறியவர் அண்ணா பல்கலைக்கழகம் என்றும், 2011இல் தேறியவர் அண்ணா பல்கலைக்கழகம் கோயம்புத்தூர் என்றும் எழுதுவர். திருச்சியின் மண்டலப் பொறியியற் கல்லூரி 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் ஆனது. அதற்கு முன் அங்கு படித்து முடித்தவர்கள் பழைய பெயரையோ புதிய பெயரையோ எழுதுகின்றனர். இரண்டையும் எழுதுவோரும் உண்டு.

ஊர்ப் பெயர்கள்

மெட்ராஸ் 1996இல் சென்னை என்றும், பாண்டிச்சேரி 2006இல் புதுச்சேரி என்றும், ஆங்கிலத்தில் பேங்களூர் என்று எழுதப்பட்டது 2014இல் பெங்களூரு என்றும், குர்கான் 2016இல் குருகிராம் என்றும் மாறின. இவற்றை ஆர் செயலியால் இணைப்பது எளிது. நகர எல்லை சற்றுக் கடினமானது. சிறுசேரி சிப்காட் வளாகத்தில் வேலை செய்பவர் தம்மைச் சென்னையில் இருப்பவர் என்றே கருதுகின்றார். ஆனால் அவ்விடம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, 2019இல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்துக்கு மாறியது. வலைத்தளம் அஞ்சல் குறியீட்டைக் கொண்டு ஊரைத் தானாக நிரப்பினால், அவர் சென்னை என்ற வடிகட்டிக்குள் வராமல் போகலாம்.

ஆட்பெயர்கள்

ஒருவரைப் பற்றி இரு தளங்களில் உள்ள விவரங்களை இணைக்கும்போது பெயர் தேவைப்படுகின்றது. பெரும்பாலான வலைத்தளங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்னும் மேலைநாட்டு அமைப்பை எதிர்பார்க்கின்றன. தமிழர் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. ஆகவே ஒருவரே ஓரிடத்தில் கே. செந்தில்குமார், ஓரிடத்தில் செந்தில் குமார் கே, கடவுச்சீட்டைப் பின்பற்றும் இடத்தில் செந்தில்குமார் கந்தசாமி என்று காணப்படலாம்.

ஆங்கில எழுத்துக்கூட்டலும் வேறுபடும். ஒலி ஒத்த பெயர்களைச் சேர்த்துத் தேட, 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறையும் அதன் வழிவந்த முறைகளும் பயன்படுகின்றன. இதில் முதலெழுத்து அப்படியே வைக்கப்பட்டு, ஏனைய மெய்யெழுத்துகள் எண்களாக மாற்றப்படும். டி எழுத்து வழக்கிலும் அதன் மெலிந்த ஒலிக்குரிய எழுத்து வழக்கிலும் எழுதப்படும் செந்தில் என்னும் பெயர் இரண்டிலும் ஒரே குறியீட்டையே பெறுகின்றது. ஆனால் ழகரத்தில் இம்முறை தடுமாறுகின்றது. யாழினி என்பதைத் தமிழ்நாட்டில் இசட், எச் ஆகிய எழுத்துகளைச் சேர்த்தும், இலங்கையில் பெரும்பாலும் எல் எழுத்திட்டும் எழுதுகின்றனர். சவுண்டெக்ஸில் இசட் எழுத்துக்கு எண் 2, எல் எழுத்துக்கு எண் 4. எனவே ஒரே பெயர் இரு வேறு குறியீடுகளாகிவிடுகின்றது. ஆங்கிலப் பெயர்களுக்காக அமைந்த முறையைத் தமிழ்ப் பெயர்களுக்கு மாற்றமின்றிப் பயன்படுத்தும் மென்பொருள்களில் இக்குறை எஞ்சியுள்ளது.

தேடும் இடங்கள்

தன்விவரத் தரவுத்தளங்கள்: நௌக்ரியின் ரெஸ்டெக்ஸ் போன்றவை. இவற்றில் சொற்றேடலுடன் அனுபவ ஆண்டுகள், ஊதியம், பணிவிலகல் அறிவிப்புக் காலம் முதலிய வடிகட்டிகள் உள்ளன. இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையில் அறிவிப்புக் காலம் பல நிறுவனங்களில் 60 அல்லது 90 நாட்களாக இருப்பதால், கடைசி வடிகட்டி பிற நாட்டாருக்கு வியப்பளிக்கும் அளவு முதன்மை பெற்றுள்ளது. முடிவுகள் அண்மையில் புதுப்பிக்கப்பட்ட வரிசையில் காட்டப்படலாம் என்பதால், ஒரு காற்புள்ளியை மாற்றியேனும் தன்விவரத்தை நாள்தோறும் புதுப்பிக்கும் வழக்கம் வேலை தேடுவோரிடையே பரவியுள்ளது. வேலையில் மூழ்கி அதனை மறந்திருப்பவர் பட்டியலின் அடியில் இருப்பார்.

எக்ஸ்-ரே தேடல்: ஒரு வலைத்தளத்தின் உட்பக்கங்களை அதன் சொந்தத் தேடல் வழியன்றி வெளித் தேடுபொறி வழியாகத் தேடுவது. கூகுளில் சைட் என்னும் கட்டளையுடன் லிங்க்டுஇன் முகவரியை இட்டுத் தேடினால், பொதுப்பார்வைக்கு விடப்பட்ட பக்கங்கள் கிடைக்கும். லிங்க்டுஇன் தனது கட்டணமற்ற பயனர்கள் தேடும் அளவைக் கட்டுப்படுத்துவதால் இம்முறை செல்வாக்குப் பெற்றது. இன்டைட்டில் கட்டளை பக்கத் தலைப்பிலும், இன்யூஆர்எல் கட்டளை முகவரியிலும், ஃபைல்டைப் கட்டளை கோப்பு வகையிலும் தேடலைக் கட்டுப்படுத்தும். இதன் குறைகளும் வெளிப்படையானவை: தேடுபொறி கடைசியாக வந்து படித்துச் சென்ற நிலையே கிடைக்கும், வேலை மாறி ஓராண்டு ஆனவர் பழைய நிறுவனத்திலேயே இருப்பதாகத் தோன்றலாம். பல இலட்சம் முடிவுகள் என்று மேலே காட்டினாலும் சில நூறு முடிவுகளுக்கு மேல் புரட்ட இயலாது.

ஃபைல்டைப் கட்டளையால் கிடைக்கும் தன்விவரங்களுள் சில, அவற்றுக்கு உரியவர்கள் வெளியிட்டவை அல்ல. கல்லூரியோ ஆட்சேர்ப்பு முகவரோ பாதுகாப்பின்றிச் சேவைக்கணினியில் விட்டுவைத்த கோப்புகளையும் தேடுபொறி அட்டவணைப்படுத்திவிடுகின்றது. பிறந்த நாள், வீட்டு முகவரி, கைபேசி எண் ஆகியவற்றை எழுதும் இந்தியத் தன்விவர மரபில் இது சிறிய செய்தி அன்று. போலி வேலை மோசடிகளில் ஈடுபடுவோருக்கும் இதே கட்டளைதான் பயன்படுகின்றது.

நிரல் களஞ்சியங்கள்: 2008இல் தொடங்கப்பட்ட கிட்ஹப்பில், இடம், நிரல்மொழி, பின்தொடர்வோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு பயனர்களைத் தேடலாம். தன்விவரம் ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வது. களஞ்சியம் அவர் செய்தது. இதனால் பல நிறுவனங்கள் இதனை விரும்புகின்றன. ஆயினும் அலுவலக நிரலை வெளியிட இயலாதவரும், வீட்டுப் பொறுப்புகளால் வேலை நேரத்துக்குப் பின் நிரல் எழுதாதவரும் இங்கு வெறுமையாகவே தெரிவர். கிட் பதிவுகளில் உள்ள மின்னஞ்சல் முகவரிகளைத் திரட்டும் பழக்கமும் உண்டு. பயனர் விவரங்களை ஆட்சேர்ப்பாளர்களுக்கு விற்பதையும், கேட்காத மின்னஞ்சல் அனுப்பப் பயன்படுத்துவதையும் கிட்ஹப்பின் பயன்பாட்டு விதிகள் தடுக்கின்றன. முகவரியை மறைத்து வைக்கும் வசதியையும் அது அளிக்கின்றது.

தானியங்கித் தேடல்

சொற்களுக்குப் பதிலாகப் பொருளைத் தேடும் முயற்சிகள் பூலியன் தேடலின் குறைகளுக்கு மாற்றாக முன்வைக்கப்படுகின்றன. இவற்றில் சொற்களும் தன்விவரங்களும் எண்தொடர்களாக மாற்றப்பட்டு, ஒன்றுக்கொன்று அருகில் உள்ளவை பொருத்தமானவையாகக் கொள்ளப்படுகின்றன. ஸ்பிரிங் என்று எழுதியவர் ஜாவா தேடலில் வருவதற்கு இது வழி செய்கின்றது. லிங்க்டுஇன் 2024 அக்டோபரில் அறிவித்த ஆட்சேர்ப்பு உதவியாளர் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பணி விவரத்தைப் படித்துத் தாமே தேடுகின்றன.

இதற்கான விலை, ஒருவர் ஏன் விடுபட்டார் என்பதை அறிய முடியாமற்போவது. பூலியன் சரத்தில் பி.டெக். என்ற சொல்தான் காரணம் என்று சுட்டிக்காட்டித் திருத்தலாம். எண்தொடரில் அவ்வாறு சுட்ட இயலாது. அமேசான் நிறுவனம் பத்தாண்டுகளில் தனக்கு வந்த தன்விவரங்களைக் கொண்டு பயிற்றுவித்த கருவி ஒன்று, பெண்களுக்குரியது என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வரும் தன்விவரங்களின் மதிப்பைக் குறைத்ததாகவும், இரு மகளிர் கல்லூரிகளின் பட்டதாரிகளைக் கீழிறக்கியதாகவும் ராய்ட்டர்ஸ் 2018 அக்டோபரில் செய்தி வெளியிட்டது. அத்திட்டம் கைவிடப்பட்டது. பெண் பொறியாளர்களைக் கூடுதலாகச் சேர்க்க விரும்பும் சோர்சர்களும் மகளிர் கல்லூரிகளின் பெயர்களையே தேடுகின்றனர் என்பது இங்கு நோக்கத்தக்கது. ஒரே சொல் சேர்க்கவும் விலக்கவும் பயன்படுகின்றது. பூலியன் சரத்தில் அது எதற்குப் பயன்பட்டது என்பது எழுதியவருக்கும் படிப்பவருக்கும் தெரியும்.

வடிகட்டிகளின் இறுக்கம் பற்றிய கவலை தேடுவோரிடமும் உள்ளது. ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்சென்சர் நிறுவனமும் அமெரிக்கா, பிரித்தானியா, செருமனி ஆகிய நாடுகளின் வேலை தருவோரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பணி விவரத்தின் வரையறைகளுக்கு அப்படியே பொருந்தாத காரணத்தால் தகுதியுள்ள உயர்திறனாளர்கள் விலக்கப்படுவதை 88 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டனர். பணி வரலாற்றில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளி இருப்பதையே விலக்குவதற்குரிய காரணமாகக் கொள்ளும் வடிகட்டிகளையும் அவ்வாய்வு குறிப்பிடுகின்றது. மகப்பேறு, நோய், பெற்றோரைப் பேணுதல் ஆகியவற்றால் வேலையை விட்டவர்களை இது நேரடியாகத் தாக்கும்.

தேடப்படுவோர் நோக்கில்

தன்விவரம் எழுதுவோர் பி.இ., கணினி அறிவியல் என்பதுடன் அதன் முழு விரிவையும், நிறுவனம் தந்த பதவிப் பெயருடன் செய்யும் வேலையின் பொதுப்பெயரையும், சுருக்கத்துடன் முழுப்பெயரையும் எழுதுவது மேற்கண்ட பல தடைகளை நீக்கும். படமாக மாற்றப்பட்ட கோப்புகளில் உள்ள எழுத்துகளைப் பல மென்பொருள்கள் படிப்பதில்லை. இரு பத்திகளாக வடிவமைக்கப்பட்டவை வரி மாறிப் படிக்கப்படுவதுண்டு. வெள்ளை எழுத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நூறு தொழில்நுட்பப் பெயர்களைச் சேர்க்கும் உத்தி தேடலில் மேலே கொண்டுவந்தாலும், கோப்பை எழுத்தாக மாற்றிப் பார்க்கும் எந்த ஆட்சேர்ப்பாளரிடமும் உடனே பிடிபடும்.

சட்டநிலை

பொதுப்பார்வையில் உள்ள விவரங்களைத் தானியங்கி நிரல்களால் திரட்டலாமா என்ற கேள்வி அமெரிக்காவில் லிங்க்டுஇன் நிறுவனத்துக்கும் ஹைக்யூ லேப்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் எழுந்தது. ஹைக்யூ, எந்தப் பணியாளர் வேலையை விட்டு விலகக்கூடும் என்பதை லிங்க்டுஇன் பக்கங்களில் இருந்து கணித்து வேலை தருவோருக்கு விற்று வந்தது. 2017இல் லிங்க்டுஇன் அதனைத் தடுக்க முயன்றது. யாவருக்கும் திறந்துள்ள பக்கங்களைத் திரட்டுவது கணினி ஊடுருவல் சட்டத்தை மீறுவதாகாது என்ற நோக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இலும், மறு ஆய்வுக்குப் பின் 2022 ஏப்ரலிலும் ஹைக்யூவுக்குச் சார்பாக இடைக்கால நிலையை எடுத்தது. ஆயினும் 2022 நவம்பரில் ஹைக்யூ பயனர் ஒப்பந்தத்தை மீறியதாக மாவட்ட நீதிமன்றம் கண்டது. அடுத்த மாதம் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. குற்றம் அன்று என்பதும் ஒப்பந்த மீறல் அன்று என்பதும் வெவ்வேறு என்பதை இவ்வழக்கு காட்டியது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 14ஆம் பிரிவின்படி, ஒருவரின் விவரங்களை அவரிடம் இருந்தன்றி வேறிடத்தில் இருந்து பெற்றவர், பொதுவாக ஒரு மாதத்துக்குள் அதனை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பெயர்களைத் திரட்டி விரிதாளில் வைத்துக்கொள்ளும் சோர்சருக்கு இது நேரடியான கடமை ஆகும். ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆட்சேர்ப்புக் கருவிகளை உயர் இடர் வகையில் வைத்துள்ளது. நியூயார்க் நகரில் இத்தகைய கருவிகளுக்குப் பக்கச்சார்புத் தணிக்கை கோரும் சட்டம் 2023 ஜூலை 5 முதல் செயற்படுத்தப்படுகின்றது.

இந்தியாவில் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் வகையில் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவுக்கு உரியவர் தாமே பொதுவில் வெளியிட்ட விவரங்களுக்கும், சட்டக் கடமையின்படி பிறர் வெளியிட்டவற்றுக்கும் இச்சட்டம் பொருந்தாது. ஆகவே ஒருவர் தாமே பொதுப்பார்வைக்கு எழுதி வைத்த லிங்க்டுஇன் பக்கமும், அவர் அறியாமல் கல்லூரித் தளத்தில் கிடக்கும் அவரது தன்விவரக் கோப்பும், ஒரே தேடலில் அடுத்தடுத்த வரிகளாக வந்தாலும், சட்டத்தின் முன் ஒன்றல்ல.